கச்சேரி முடிந்தால் அம்மா வருவாள்

போன மாதம் நகரத்துக்கு வெளியே கழக்கூட்டத்தில் மகனுடைய வாடகை வீட்டுக்குப் போயிருந்தேன். ஐந்தாம் மாடி. சமையலறையில் ஒரு தோசைக்கல்லும் இரண்டு கரண்டியும்தான் உண்டு. ஆனால் கூடத்துச் சுவர் முழுக்க டிவி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கொண்டுபோன புளிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, “அம்மா, கொஞ்சம் சத்தமா இருக்கும், சாரமில்லையே, பரவால்லையா?” என்று கேட்டுக்கொண்டே எதையோ போட்டான். இருட்டான மேடை. கூட்டத்தின் இரைச்சல். பிறகு ஒரே ஒரு கிடார் அலறியது.

கையிலிருந்த மோர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“இப்ப இடது பக்கத்துலேர்ந்து வெள்ளமுடி வருவான் பாரு. வந்ததும் துண்டால மூஞ்சியத் தொடைப்பான்” என்றேன். வந்தான். தொடைத்தான். மகன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ராமஜெயம் எழுதுகிற அம்மா, வயது ஐம்பத்தைந்துக்கு மேல், மூட்டுவலித் தைலம் மணக்க உட்கார்ந்துகொண்டு, அவன் பிறப்பதற்கு முன்னால் எங்கோ வெளிநாட்டு மைதானத்தில் நடந்த ஒரு ஹார்ட் ராக் கச்சேரியில் அடுத்து யார் என்ன செய்வார் என்று சொல்கிறாள்.

“அம்மா, சத்தியம் பற, உண்மையச் சொல்லு. இது எப்படித் தெரியும்?”

கச்சேரி முடிந்து, கிழவர்கள் தோளில் கை போட்டுக் குனிந்து கும்பிட்டு, எழுத்துகள் ஓடி, டிவி தானாகவே வேறெதையோ போட ஆரம்பித்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் அந்தக் கச்சேரி முடிந்தால் அம்மா வருவாள்.

இதை ஒழுங்காகச் சொல்ல வேண்டுமானால் ஆரியசாலைக்குப் போக வேண்டும். சாலைக் கம்போளம் என்கிற சந்தையின் பின்னால், லாரி ஒன்று நுழைந்தால் மனிதர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்தில் அப்பாவின் வற்றல் மிளகாய்க் கடை. கீழே கடை, மேலே வீடு. திருநெல்வேலியிலிருந்து தாத்தா காலத்தில் இந்த மலையாள ஊருக்கு வந்தவர்கள் நாங்கள். மூட்டை பிரிக்கிற நாளில் மாடி வரைக்கும் காரம் ஏறும். எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி யாரும் தும்மாமல் ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. நாங்கள் பழகிவிட்டோம். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்தான் பாவம், வருஷம் பூராவும் கைக்குட்டையோடு இருந்தாள்.

வீட்டில் மூன்று பிள்ளைகள். அக்கா, அண்ணன், நான். அக்காவைத் திருநெல்வேலியில் கட்டிக் கொடுத்தபோது மாப்பிள்ளை வீட்டார் வீடியோ எடுக்க வேண்டுமென்று பிரியப்பட்டார்கள். இரண்டு காசெட். முதலாவது காசெட்டில் முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்பு, இரண்டாவதில் கல்யாணம். அதைப் பார்ப்பதற்கென்றே வளைகுடாவிலிருந்து வந்த ஒருவரிடம் அப்பா வீசியாரும் வாங்கினார். கல்யாணம் முடிந்து எல்லோரும் ஒருமுறை பார்த்தோம். அம்மாவுக்குத் தன்னைப் பார்க்க வெட்கம். “போதும், போதும், நிறுத்துங்க” என்று அடுக்களைக்குப் போய்விட்டாள். அடுத்த வருஷம் மஞ்சள்காமாலையில் அம்மா போய்விட்டாள். பதினெட்டே நாள். அதன்பிறகு அந்த காசெட்டுகளைத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை. பீரோவில் பாச்சை உருண்டையோடு கிடந்தன.

அண்ணன் அப்போது டிகிரி கடைசி வருஷம். கூடப் படித்த நாலு பேரோடு சேர்ந்து, பூஜப்புரையில் ஒருவன் வீட்டுக் கார் ஷெட்டில் டிரம்ஸ் அடிப்பான். சொந்தமாக இருந்தது ஒரு ஜோடிக் குச்சி மட்டும். அதை வைத்து வீட்டில் தலையணை, மிளகாய்ச் சாக்கு, சாப்பாட்டு மேசை, என் முதுகு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அம்மா போன பிறகு அந்தத் தட்டலும் இல்லாவிட்டால் வீடு என்ன ஆகியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அவன் சிநேகிதனுடைய மாமா துபாயிலிருந்து ஒரு கச்சேரி காசெட் கொண்டுவந்திருந்தார். இருபது வருஷம் முன்னால் கொடிகட்டிப் பறந்து, சண்டை போட்டுப் பிரிந்து, வயதான பிறகு மறுபடி கூடி வாசித்த ஒரு குழு. ஒரே ஒரு நாளைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். காசெட் வாடகைக்கு விடுகிற ஷாஜி கடையில் இரண்டு வீசியாரை இணைத்துப் பிரதி எடுத்துவிடலாம். வெறும் காசெட் ஒன்றுதான் வேண்டும். நான் பிரீ டிகிரி பரீட்சைக்கு உருப்போட்டுக் கொண்டிருந்தேன்.

“ஏட்டி, காலி காசெட் ஏதும் கெடக்கா?”

பீரோவைத் திறந்து கைக்குக் கிடைத்ததை எடுத்தேன். மேலே சீட்டு ஒன்றும் இல்லை. இந்த ஊர் ஈரத்தில் பசை எத்தனை நாளைக்குப் பிடிக்கும், உங்களுக்கே தெரியும். சீட்டில்லாதது என்றால் காலி. எனக்கு அவ்வளவுதான் கணக்கு.

“இதுல ஒண்ணுமில்லையே?” என்று அண்ணன் கேட்டான்.

“ஒண்ணுமில்ல. காலிதான்.”

புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன். என் ஆயுளில் நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், எதுவும் அந்த உண்மை மாதிரி என்னைத் துரத்தியதில்லை. அந்த நிமிஷம் அது எனக்கு உண்மைதானே.

அம்மாவின் முதல் வருஷ திவசத்துக்கு அக்கா கைக்குழந்தையோடு வந்திருந்தாள். எல்லாம் முடிந்து, சாப்பிட்டு, சொந்தக்காரர்கள் பாதிப் பேர் பஸ் ஏறிப் போன பிறகு, அக்காதான் சொன்னாள். “அப்பா, இவனுக்கு ஆச்சியக் காட்டணும். அந்தக் கல்யாண காசெட்டப் போடுவமா?” அப்பா தலையசைத்தார். முதல் காசெட்டில் அம்மா கிட்டத்தட்ட இல்லவே இல்லை. மாப்பிள்ளை அழைப்பு அன்று பூராவும் அவள் சாமான் அறையில் இருந்திருக்கிறாள். ஒரு முதுகும், ஒரு கையும், வாசலைத் தாண்டிப் போகிற ஒரு சேலைத் தலைப்பும்தான். “அடுத்ததுல இருக்கா, தாரை வார்க்கும்போது அப்பா பக்கத்துலயே நிப்பா” என்று அக்கா குழந்தையை நிமிர்த்தி வைத்துக்கொண்டாள்.

அடுத்ததைப் போட்டார்கள். இருட்டான மேடை வந்தது. கிடார் அலறியது. குழந்தை வீரிட்டு அழுதது. சட்டை இல்லாத ஒரு கிழவர் வாயைப் பிளந்துகொண்டு எங்கள் கூடத்தில் நின்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணனைப் பார்த்தேன். அவன் முகம் சாம்பல் பூத்துப் போயிருந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும்.

“யாருடே செஞ்சது?” அப்பாவின் குரல் உயரவே இல்லை.

நான் வாயைத் திறக்கத்தான் நினைத்தேன். இன்றுவரை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

“நாந்தாம்பா” என்றான் அண்ணன்.

அப்பா எழுந்து டிவியை அணைத்தார். “ஒங்கம்மா பக்கத்துல நான் நின்னது அது ஒண்ணுலதாண்டே இருந்தது” என்றார். கீழே இறங்கிக் கடைக்குப் போய்விட்டார். அன்று கடை அடைப்பு. பூட்டிய கடைக்குள் விளக்குப் போடாமல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்.

அதற்கப்புறம் எட்டு மாதம் அவர் அண்ணனோடு பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. கோபமென்றால் தட்டை நகர்த்துவார், கதவைச் சாத்துவார். இது வேறு. அவன் இருக்கிற பக்கம் கண்ணைத் திருப்ப மாட்டார், அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து, அப்பா கடையில் இருந்த நேரத்தில் அண்ணன் அந்தக் காசெட்டைத் தனியாக ஓட்டிப் பார்த்திருக்கிறான். ஒரு துளியாவது மிச்சம் இருக்காதா என்று. கச்சேரி ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. கல்யாணம் இரண்டு மணி நேரம். நான் கல்லூரியிலிருந்து வந்தபோது மாடிப்படியிலேயே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

கிழவர்கள் கும்பிட்டார்கள். கூட்டம் கத்தியது. பட்டென்று திரை வெள்ளையாகப் பொரிந்தது. பிறகு ஒரு பந்தி. கடைசிப் பந்தி. வாழைக்குலை கட்டிய தூண்கள், தண்ணீர் தெளித்த தரை, பாதி காலியான பெஞ்சுகள். ஓரத்தில் அம்மா. அரக்குப் பட்டு, கலைந்த கொண்டை. அன்றைக்கு முதல் தடவையாக அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருக்கிறாள். வீடியோக்காரன் விளக்கை அவள் முகத்தில் அடிக்கிறான். அம்மா சோற்றுக் கையை முகத்துக்கு நேரே தூக்கி மறைத்துக்கொண்டு சிரிக்கிறாள். “என்னைய எதுக்குய்யா எடுக்க? போ, பிள்ளையள எடு.” அவன் நகரவில்லை. அவளும் கையை இறக்கிவிட்டு, சரி எடுத்துக்கோ என்கிற மாதிரி, ரசத்தைப் பிசைந்து சாப்பிடத் தொடங்குகிறாள். நான்கு நிமிஷம். அம்மா சாப்பிடுவதை அதற்குமுன் நான் கவனித்துப் பார்த்ததே இல்லை.

அப்பாவைக் கூப்பிட்டேன். வந்தார், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டே பார்த்தார். முடிந்ததும் என்னிடம், “இன்னொரு தரம் போடச் சொல்லு” என்றார். அண்ணன் இரண்டடி தள்ளித்தான் நின்றான். ‘போடச் சொல்லு’ என்று என்னிடம்தான் சொன்னார்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சாப்பாட்டுக்கு மேல் அது வழக்கமாயிற்று. முதலில் கச்சேரியை வேகமாக ஓட்டிவிட்டு நேரே அம்மாவுக்குப் போவோம். ஐந்தாறு வாரத்தில் ஒருநாள் நாடா உள்ளே சுருண்டு மாட்டிக்கொண்டது. ஷாஜி அண்ணன் வந்து, தீப்பெட்டிக் குச்சியில் பஞ்சு சுற்றி ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்து மீட்டுக் கொடுத்தார். “அண்ணாச்சி, இனி இதை ஃபார்வேர்ட் அடிக்கண்டா. வலிச்சா பொட்டிப் போவும், நாடா அறுந்துடும். ஆதியிலேர்ந்து மெல்ல ஓடட்டும்” என்றார். வேறு காசெட்டில் பிரதி எடுத்துத் தருகிறேன் என்றும் சொன்னார். அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. “ஒரு தரம் வெளிய போய் வந்தது போதும்.” வீட்டுக்கே இன்னொரு வீசியாரைக் கொண்டுவருகிறேன் என்றதற்கும் தலையை ஆட்டிவிட்டார். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எழுதுகிற வேலை எதன்மேலும் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது.

ஆக, அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் கச்சேரியை முழுசாகக் கேட்டாக வேண்டும்.

வற்றல் மிளகாய் வியாபாரி ஒருவர், திருநீறும் வெள்ளை வேட்டியுமாக, ஞாயிறுதோறும் ஹார்ட் ராக் கேட்டார். முதலில் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டு. பிறகு செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள், மனைவி போன துக்கத்தில் அண்ணாச்சிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அப்படியொன்றும் தப்பாகவும் சொல்லவில்லை. மேடையில் இருந்தவர்களுக்கு அவர் தனக்குள்ளேயே பேர் வைத்திருக்கிறார் என்பது எட்டாவது மாதம்தான் தெரிந்தது. நடுக்கச்சேரியில், டிவியைப் பார்த்தபடியே கேட்டார்:

“அந்த மூக்குக்கண்ணாடிக்காரன் என்னடே, நின்ன எடத்தவிட்டு நவுரவே மாட்டேங்கான்?”

நான் பதில் சொல்லப் போனேன். அந்த ‘டே’ எனக்கில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டான். “அவரு பேஸ் கிடார் வாசிக்கவருப்பா. அவரு ஆடுனா மத்தவனுக்கெல்லாம் தாளம் போயிரும்.”

“அப்ப அவன்தான் கடையில நிக்க ஆளு” என்றார் அப்பா.

அடுத்த ஞாயிறு வெள்ளமுடியைப் பற்றிக் கேட்டார். அதற்கடுத்து, சட்டையில்லாதவனுக்குக் குளிராதா என்று. ஒருநாள், “இன்னைக்கு வெள்ளமுடி கொஞ்சம் முன்னாலயே வேர்வையத் தொடைச்சிட்டான் போலிருக்கே” என்று சந்தேகப்பட்டார். “அப்பா, இது அதே படந்தாம்பா” என்று அண்ணன் சொல்ல, மூன்று பேரும் சிரித்தோம். அம்மா போன பிறகு வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்காது.

ஆனால் அண்ணன் குச்சியைத் தொடுவதை நிறுத்தியிருந்தான். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. திவசத்துக்கு மறுநாளே குச்சி இரண்டையும் பூஜப்புரையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். டிகிரி முடிந்ததும் வேறெங்கும் மனுப் போடாமல் நேரே கடைக்கு இறங்கினான். நான் பிரீ டிகிரியில் நல்ல மார்க்கு வாங்கி, மேலே படித்து, அரசு அலுவலகத்தில் சேர்ந்தேன். தினமும் காலையில் இஸ்திரி போட்ட சேலையில் நான் படியிறங்கும்போது அவன் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மூட்டை எண்ணிக்கொண்டிருப்பான். தும்முவான். பிறந்ததிலிருந்து தும்மாதவன்.

ஒருமுறை கேட்டேன். “அன்னைக்கு ஏண்ணே என் பேரைச் சொல்லல?”

“நீ பரிச்சைக்கு இருந்தல்லா. சொல்லியிருந்தா அப்பா உன் படிப்ப நிறுத்தியிருப்பாவ.” பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நானும் ஓட்டிப் பாத்துட்டுக் கொடுத்திருக்கணும். விடு. சாரமில்ல” என்றான்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது இதைச் சுமந்துகொண்டு அந்த வீட்டைவிட்டுப் போக முடியாது என்று தோன்றியது. ஒரு ஞாயிறு. லாரி வந்திருந்ததால் அண்ணன் கீழே நின்றான். மேலே அப்பாவும் நானும் மட்டும். இரண்டு பாட்டுக்கு நடுவில் வரும் கைதட்டலில் சொன்னேன். காசெட்டை எடுத்துக் கொடுத்தது நான். காலி என்று சொன்னது நான். அவன் என்னைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னான்.

அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடுத்த பாட்டு தொடங்கி முடிந்தது. அதற்கடுத்ததும். கிழவர்கள் கும்பிடுவதற்கு முன்னால், அம்மா வருவதற்கு முன்னால், அவர் எழுந்தார். அந்த நேரத்தில் அவர் எழுந்து நான் பார்த்ததே இல்லை. மாடிப்படியில் இறங்கிப் போனார். திரையில் அம்மா சிரித்தாள், சாப்பிட்டாள், நான் மட்டும் பார்த்தேன்.

சாயங்காலம் அண்ணன் மேலே வந்தான். “அப்பாவுக்கு என்னட்டி ஆச்சு? வேகாத வெயில்ல லாரிப் பக்கத்துல வந்து நின்னாவ. ஏதோ சொல்லப் போறாவன்னு பாத்தா, ‘சாப்டியாடே?’ன்னு கேட்டாவ. சாப்பிட்டேன்னேன். மறுபடியும் ‘சாப்டியாடே?’ன்னு கேக்காவ.”

சொன்னேன். அவனுக்கு என்மேல் அவ்வளவு கோபம் வந்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை. “ஒன்னய யாரு சொல்லச் சொன்னா? இப்பந்தான் ஞாயித்துக்கிழமை உக்காந்து சிரிக்காவ. ஒனக்கு மனசு லேசாவணும்னு அதையும் கெடுத்திட்டியே.”

அவன் சொன்னதுதான் நடந்தது. அப்பா ஆறேழு வாரம் அந்தக் கூடத்துப் பக்கமே வரவில்லை. எட்டு மாதம் பேசாமலிருந்த ஒவ்வொரு நாளையும் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் போல. என் கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு, தானாகவே வந்து உட்கார்ந்து, “போடுடே” என்றார். டிரம்ஸ் அடிக்கிறவர் தனியாக ஐந்து நிமிஷம் வாசிக்கிற இடம் வந்தது. அப்பா அவன் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“ஏல, இந்தக் கொட்டு வாசிக்கத நிறுத்திட்டியே. இனி வாசிக்கலாம்லா?”

“கை மறந்து போச்சுப்பா” என்றான் அண்ணன்.

அப்பா அவனுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மிளகாய் விதை ஒட்டி, விரல் நுனியெல்லாம் சிவந்த கை.

அவர்கள் இரண்டு பேரும் இன்னும் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஞாயிறு தவறாமல் அந்தக் கச்சேரியைப் பார்த்தார்கள். நடுவில் அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிற்று. அண்ணிக்கும் பேரெல்லாம் மனப்பாடம். அம்மா கையை இறக்குகிற இடம் வந்ததும் அப்பா “நிறுத்து” என்பார். அண்ணன் பாஸ் போடுவான். அம்மா முகம் லேசாக நடுங்கிக்கொண்டு நிற்கும். எவ்வளவு நேரமென்று கணக்கில்லை. அப்படி நிறுத்தி வைத்தால் உள்ளே சுழல்வது அதே இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? முகத்தில் முதலில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. பிறகு நாலைந்து. அப்பாவின் கடைசி வருஷத்தில் அம்மாவுக்குப் பதிலாக வெறும் பொரிதல்தான் இருந்தது. குரலும் இடையிடையே கரகரப்பாகிப் போய்விட்டது. அப்பாவுக்குக் கண்புரை. அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அப்பா போன பிறகு அண்ணன் கடையை மூடிவிட்டான். அங்கே இப்போது கைபேசி உறை விற்கிறார்கள், யாரும் தும்முவதில்லை. ஷாஜி அண்ணன் கடையைச் சாத்திவிட்டுப் பிள்ளைகளோடு போய்விட்டார். மூன்று வருஷம் முன்னால் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறும்போது அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. கை மறந்து போனது உண்மையா, அப்பாவுக்காகச் சொன்னதா என்று கேட்க நினைத்திருந்தேன். இருபத்தைந்து வருஷமாக நினைத்திருந்தேன்.

காசெட்டை அண்ணி என்னிடம் கொடுத்தாள். பழைய காசெட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தரும் பையன் ஒருவனைத் தேடிப்பிடித்துக் கொடுத்தேன். பூசணம் துடைத்து, இரண்டு வாரம் வைத்திருந்து கூப்பிட்டான். “சேச்சி, கச்சேரி முழுசா கிட்டியிருக்கு, நல்ல கிளியர். அதுக்குப் பின்னே வெறும் இரைச்சல், ஒண்ணுமில்ல. காலிதான்.”

அந்தச் சொல்லை அவன் தெரிந்து சொல்லவில்லை.

போன வாரம் அக்கா திருநெல்வேலியிலிருந்து போன் பண்ணினாள். அவளுக்கு வயது அறுபதுக்கு மேல். மூட்டு, சர்க்கரை, பேரன் பரீட்சை என்று எதையெல்லாமோ பேசிவிட்டு, வைக்கப் போகிற நேரத்தில் கேட்டாள்.

“ஏட்டி, அம்மா கொரலு எப்படி இருக்கும்? நேத்து ராத்திரி நெனச்சி நெனச்சிப் பாத்தேன். எனக்கு வரவே மாட்டேங்கு. நீதான் அந்தப் படத்த அத்தன தடவ பாத்திருக்கியே. சொல்லேன்.”

எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன். வார்த்தை தெரியும், எந்த இடத்தில் சிரிப்பாள், எந்த இடத்தில் மூச்சு விடுவாள் என்பதும் தெரியும். அம்மா சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டினேன்.

“இது ஓங் கொரலுல்லா” என்றாள் அக்கா.

ஆமாம். இன்னொரு தடவை முயன்று பார்த்தேன். அப்போதும் என் குரல்தான் வந்தது.